மலைக்குள் இறங்கும் மழை

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

வெள்ளம் என்றதும் பலருக்கும் கண்முன் வருவது, கீழ்நாட்டில் வீதிக்குக் குறுக்கே முழங்காலளவு நிற்கும் தண்ணீர். நம் மலையகத்தில் தண்ணீர் நிற்பதில்லை, ஓடிவிடும். அதனால் நமக்கு வெள்ளப் பயம் இல்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓடுகிற தண்ணீர் கோழிக்கூட்டையும் மரக்கறிப் பாத்தியையும் கொண்டுபோகும். ஓடாமல் மலைக்குள் இறங்கிய தண்ணீர் மண்சரிவாகி லயத்தையே, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளையே, கொண்டுபோய்விடும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் அதுதான் நடந்தது. 2016 மே 17இல் அரநாயக்கவில் கிராம வீடுகளுக்கு நடந்ததும் அதுதான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் எத்தனையோ சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின.

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மலையின் மேற்பரப்பில் சில அடி ஆழத்துக்குத் தளர்ந்த மண். அதற்கு அடியில் பாறை. மழை மண்ணுக்குள் இறங்கிப் பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு போக வழியில்லாமல் அங்கேயே சேர்கிறது. சேரச்சேர மண் துணுக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளுகிறது. மண்ணின் பிடி விட்டுப்போகிறது, பாரமோ கூடிக்கொண்டே போகிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலைச்சரிவில் கொஞ்சம் மட்டமாக, பீலித் தண்ணீரும் (பீலி வழியாக வடியும் ஊற்றுத் தண்ணீரும்) கிடைக்கிற இடம் பெரும்பாலும் எந்தக் காலத்திலோ மேலிருந்து சரிந்து வந்து குவிந்த மண்தான். லயம் கட்ட வசதியான இடம் என்று பார்த்துப் பல இடங்களில் அதன் மேலேயே கட்டிவிட்டார்கள். அங்கே குடியிருப்பவர்கள் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று கட்டமாக எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் மஞ்சள்: விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் என்றால் செம்மஞ்சள்: வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீட்டரைத் தொட்டாலோ, ஒரு மணித்தியாலத்திலேயே 75 மில்லிமீட்டர் கொட்டினாலோ சிவப்பு: உடனே வெளியேற வேண்டும். ஏற்கனவே நாலைந்து நாளாக நனைந்து கிடக்கும் மலைக்கு இந்த அளவு கூடத் தேவைப்படாது.

அதனால் லயத்துக்குப் பக்கத்திலேயே மழையை நாமே அளக்க வேண்டும். வானொலியில் எச்சரிக்கை வருகிறதே, நாம் எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்கலாம். மலைநாட்டில் மழை ஒரு தொங்கலில், அதாவது ஒரு மூலையில், கொட்டும், அடுத்த தொங்கலில் தூறும். வட்டவளைக்குத் தென்மேற்குப் பருவத்தில் பெய்யும் மழை அப்புத்தளைப் பக்கம் பெய்யாது. அப்புத்தளை, அல்துமுல்லைப் பக்கத்து மழை ஒக்டோபர், நவம்பரிலும் அதற்குப் பின்வரும் வடகீழ்ப் பருவத்திலும் வரும். எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவுக்குத்தான் வரும், உங்கள் லயத்துக்கென்று தனியாக வராது. இரவில் மின்சாரம் போய், கோபுரம் செயலிழந்து, போனில் சிக்னலும் இல்லாமல் போனால் அதுவும் வந்து சேராது.

மழைமானி செய்ய ஒரு ஒன்றரை லீட்டர் குடிநீர்ப் போத்தல் போதும். நடுவில் இடுப்பு ஒடுங்காத, பக்கம் நேராக உள்ள போத்தலாகப் பாருங்கள். கழுத்து சரியத் தொடங்கும் இடத்தில் சுற்றி வெட்டி, வெட்டிய மேற்பகுதியைத் தலைகீழாக உள்ளே வைத்தால் அதுவே புனல். மூடியைக் கழற்றிவிட மறக்க வேண்டாம். போத்தலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். அதனால் உள்ளே சின்னக் கற்களைப் போட்டு, பக்கம் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அது பூச்சியம். அங்கிருந்து பிள்ளைகளின் அடிமட்டத்தை வைத்து மில்லிமீட்டர் கோடுகளைப் போட்டு, அழியாமல் இருக்க மேலே தெளிவான டேப் ஒட்டுங்கள். கூரையும் மரமும் மறைக்காத வெளியில், இடுப்பளவு உயரக் கம்பு ஒன்றில் கட்டுங்கள். பக்கத்தில் பத்தடி உயரத்தில் கூரை இருந்தால் குறைந்தது இருபதடி தள்ளி வைக்க வேண்டும். இஸ்தோப்பின் (முன்திண்ணையின்) தூணில் கட்டினால் கூரைத் தண்ணீரைத்தான் அளப்பீர்கள்.

தினமும் காலை எட்டரைக்குப் பார்த்துக் கொப்பியில் எழுதி, பூச்சியக் கோடு வரை மட்டும் தண்ணீரை விட்டு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கணக்கும் எட்டரையிலிருந்து எட்டரை வரைதான். கடும் மழை தொடங்கினால் மணிக்கொருமுறை பார்க்க வேண்டும். 100 மில்லிமீட்டர் வந்ததும் எழுதிவிட்டுக் காலி செய்யுங்கள், போத்தல் நிரம்பி வழிந்தால் கணக்கு போய்விடும்.

இதில் பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கிய மழை மறுநாள் எட்டரைக்குள் 60 மில்லிமீட்டர் பெய்கிறது. காலி செய்கிறீர்கள். பதினொரு மணிக்குள் இன்னும் 50 பெய்கிறது. கொப்பியில் நேற்று 60, இன்று 50 என்று இருக்கும், இரண்டுமே 75க்குக் கீழ் என்று மனம் ஆறுதலடையும். மலைக்கு எட்டரை மணி தெரியாது. கடைசி 24 மணித்தியாலத்தில் அது வாங்கியது 110. நீங்கள் செம்மஞ்சளைத் தாண்டிவிட்டீர்கள். எந்த நேரத்தில் பார்த்தாலும், நேற்று அதே நேரத்திலிருந்து கூட்டுங்கள்.

அளவு கையில் இருந்தால் அடுத்தது கான், அதாவது தண்ணீர் வடியும் வாய்க்கால். தோட்டத்தில் கான் வெட்டத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் தேயிலை மலையில் வெட்டும் கானுக்கும், குடியிருப்பைக் காக்கும் கானுக்கும் வித்தியாசம் உண்டு. தேயிலைக் கானில் குழி விட்டுத் தண்ணீரை மண்ணுக்குள் இறங்கவிடுவார்கள், செடிக்கு அது நல்லது. லயத்துக்கு மேலே வரும் கானில் ஒரு துளி கூட இறங்கக்கூடாது. மேலிருந்து வரும் தண்ணீரை மறித்து, பக்கவாட்டில் கொண்டுபோய், ஏற்கனவே இருக்கும் ஓடையில் விட வேண்டும். லயத்துக்குப் பின்னால் மேட்டை வெட்டிய சரிவின் விளிம்பிலிருந்து குறைந்தது பத்தடி மேலே தள்ளி, ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். சரிவு நூறடிக்கு ஓரடி. அதற்கு மேல் செங்குத்தானால் தண்ணீர் கானையே அரித்துவிடும், அதற்குக் குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துவிடும். கண்ணால் மட்டம் பார்த்து நம்பாதீர்கள். அரை அங்குலத் தெளிவான குழாய் ஒன்றில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு கம்பில் கட்டி இருவர் பிடித்தால் மட்டம் தெரிந்துவிடும். இருபத்தைந்து அடிக்கு மூன்று அங்குலம் இறங்கினால் சரி.

உள்பக்கத்தைக் கல் பதித்துச் சீமெந்து பூச முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கெட்டியான பொலித்தீனாவது விரியுங்கள். வெட்டிய மண்ணைக் கீழ்விளிம்பில் குவித்துவிட்டுப் போவது வழக்கம். முதல் மழையில் அது கரைந்து லயத்தின் பின்புறம்தான் வரும். எல்லாவற்றையும்விடக் கெட்ட தவறு, கானை ஓடை வரை கொண்டுபோகாமல் லயம் முடியும் இடத்தோடு நிறுத்திவிடுவது. அங்கே கொட்டும் தண்ணீர் கடைசிக் காம்பராவின் (அறையின்) கடைக்காலைத் தோண்டும், இல்லாவிட்டால் கீழே இருக்கும் லயத்தின் மேல் இறங்கும்.

கூரையையும் கணக்கில் எடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லீட்டர். நாற்பது மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம் உள்ள லயக்கூரையில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 24,000 லீட்டர். ஆயிரம் லீட்டர் தாங்கி இருபத்து நான்கு. கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்தும் பீலி இல்லாத லயத்தில் அதில் பாதி பின்பக்கம் விழுந்து, சரிவின் அடியையும் சுவரின் அடியையும் ஊறவைக்கிறது.

பின்பக்கத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காம்பரா போதாமல், குசினிக்கு இடம் வேண்டி, பின்னால் உள்ள மேட்டை இரண்டடி, மூன்றடி என்று வெட்டுகிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை இருக்கும்போது வேறு வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் மேட்டின் அடிதான் மேலே இருக்கும் மண்ணைத் தாங்குகிறது. முன்பக்கம் இடமிருந்தால் முன்பக்கம் நீட்டுங்கள். பழைய கல்லடுக்குச் சுவர் இருந்தால் அழகுக்காக அதன்மேல் சீமெந்து பூசிவிடாதீர்கள். கற்களின் இடைவெளியால் வெளியேறிய தண்ணீர் பின்னால் தேங்கி, சுவர் வயிறு தள்ளி ஒருநாள் விழும். சீமெந்துச் சுவராகக் கட்டினால் நாலைந்து அடிக்கு ஒன்றாக மூன்றங்குலக் குழாய் பதியுங்கள். கீழ்வரிசை தரையிலிருந்து ஓரடிக்குள் இருக்கட்டும், குழாய் வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கட்டும், சுவருக்குப் பின்னால் சல்லிக்கல் நிரப்புங்கள். பெருமழைக்குப் பிறகு அந்தக் குழாய்கள் சொட்ட வேண்டும். சுவர் நனைந்திருக்கக் குழாய் காய்ந்திருந்தால் அடைத்துவிட்டது என்று அர்த்தம், கம்பி விட்டுக் குத்துங்கள். சேறாக வந்தால் பின்னால் மண் கரைகிறது.

தோட்டக் காணியில் அனுமதி இல்லாமல் கானோ சுவரோ கட்ட முடியாது. நிர்வாகத்துக்கு எழுத்தில் கேளுங்கள், பிரதியை கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுங்கள், திகதியிட்ட உங்கள் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். இடத்தைப் பரிசோதிக்கக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தை அழைக்கும் கோரிக்கையையும் அதே கடிதத்தில் சேருங்கள். வருடாவருடம் விலகச் சொல்லிவிட்டு, எங்கே போவது என்பதற்குக் காணி காட்டாமல் இருப்பது நியாயமில்லை. அதைக் கேட்கும்போது மழைக் கொப்பியும் வெடிப்புக் கணக்கும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வெடிப்புக் கணக்கு என்றேன். மேட்டில் பிறை வடிவில் நிலம் வெடித்திருந்தால், வெடிப்பின் இருபுறமும் ஒவ்வொரு மீட்டர் தள்ளி ஒரு முளை அடியுங்கள். தலையில் ஆணி வைத்து, ஆணிக்கும் ஆணிக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள். வெயில் காலத்தில் வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து இறுக்கி, பொலித்தீனால் மூடுங்கள். திறந்த வெடிப்பு, மழையை நேராகப் பாறைக்கு அனுப்பும் குழாய். மழை பெய்யும்போது தூரம் கூடியிருந்தால் அடைக்கப் போக வேண்டாம், வெளியேறுங்கள். கதவு திடீரென்று இறுகுவது, மரங்களும் கம்பங்களும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, பீலித் தண்ணீர் கலங்குவது அல்லது நின்றுபோவது, எல்லாம் அதே சேதிதான். கொட்டும் மழையில் ஓடை திடீரென்று வற்றினால் மேலே எங்கோ மண் விழுந்து மறித்திருக்கிறது. அந்த மறிப்பு உடையும்போது தண்ணீர் மட்டும் வராது.

ஓடைக்கரையில் இருப்பவர்கள் பருவத்துக்கு முன்பே மதகைச் சுத்தம் செய்ய வேண்டும். பிளாஸ்டிக், வெட்டிப்போட்ட கிளை, பழைய மெத்தை. ஒரு மதகு அடைத்தால் தண்ணீர் பாதையில் ஏறி லயத்துக்குள் திரும்பும். வாசலில் தண்ணீரைத் திருப்ப உரப்பையில் மண் போடலாம். பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்புங்கள். முட்ட நிரப்பிய பை உருண்டையாகி இடைவெளி விடும். வாயை மடித்து அடியில் வைத்து, செங்கல் அடுக்குவதுபோல மூட்டு மாற்றி அடுக்கி மிதித்து இறுக்குங்கள். மேட்டின் அடியைத் தோண்டி அந்த மண்ணை எடுக்க வேண்டாம். மண்மூட்டை சரிவைத் தடுக்காது. மேல் கொத்மலை, கெனியன், லக்சபான, விமலசுரேந்திர நீர்த்தேக்கங்களுக்குக் கீழே ஆற்றோரம் இருப்பவர்கள் வான்கதவு திறக்கும் அறிவிப்பைக் கேட்டதும் ஆற்றங்கரையை விட்டு ஏற வேண்டும்.

இரவுக்கு முறை வையுங்கள். லயத்துக்கு இருவர், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு சோடி, டோர்ச்சோடு. போன் வேலை செய்யாதபோது தப்பு மேளம் இருக்கிறது, கோவில் மணி இருக்கிறது. ஒரு காலத்தில் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் திரட்ட, எழுப்பிய தப்பு இதற்கும் பயன்படும். எந்த அடி எதற்கு என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். போகும் இடம் பள்ளிக்கூடமோ, பிள்ளை மடுவமோ (குழந்தைகள் காப்பகம்), கொழுந்து மடுவமோ (கொழுந்து நிறுக்கும் கொட்டகை), அதற்கு மேலே செங்குத்துச் சரிவு இல்லாமலும், போகும் வழி ஓடையைக் கடக்காமலும் இருக்க வேண்டும். பகலில் ஒருமுறை வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள், எத்தனை நிமிடம் என்று தெரியும். நடக்க முடியாதவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் செம்மஞ்சளிலேயே போய்விட வேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடிதம், கிளினிக் கொப்பி, ஒரு வார மருந்து எல்லாம் ஒரே பொலித்தீன் பையில், கதவோரம். சரிவின் சத்தம் கேட்டால் பள்ளத்தை நோக்கி ஓடாதீர்கள், பக்கவாட்டில் விலகுங்கள். உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117.

மழை விட்டு வெயில் அடித்ததும் அடுப்பு மூட்ட வீட்டுக்கு ஓடுவதுதான் கடைசி ஆபத்து. மேற்பரப்பு காய்ந்தாலும் உள்ளே தண்ணீர் இன்னும் பாறையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை நீக்கப்பட்டதாக அறிவிப்பு வர வேண்டும், முளைகளின் தூரம் மாறாமல் இருக்க வேண்டும், ஊற்று தெளிய வேண்டும். அப்போதும் முதலில் பகல் வெளிச்சத்தில், லயத்தைச் சுற்றி மேட்டுப் பக்கம் தூர நின்று பார்த்து, இரண்டு பேர் போகட்டும். பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். கான்களில் படிந்த வண்டலை அன்றைக்கே அள்ளுங்கள், அடுத்த மழை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

நன்றி, வணக்கம்.