ஆச்சி சொன்ன பிறகுதான் தெரிந்தது

வணக்கம். மும்பையில் சயான், தாராவி பக்கத்துத் தமிழ்க் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்ப்பது என் வேலை. "நம்ம சனத்துக்குப் பிறவிக் குறை அதிகமா டாக்டர்?" என்று கேட்பார்கள். வெளியே வரிசை நிற்கும்போது இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. இன்று மைக் கிடைத்திருக்கிறது.

உடம்பமைப்பில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் மூக்கெலும்பைத் தேடுவோம். தெரியாவிட்டால் டவுன் சிண்ட்ரோமோ (அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் ஒரு பிறவிக் குறை) என்ற சந்தேகம் வரும். ஆனால் ஒரு குறையும் இல்லாத சில குழந்தைகளுக்கும் அந்த வாரத்தில் அது தெரியாது. ஐரோப்பிய வம்சத்தாரில் இது குறைவு, ஆசியரில் கூடுதல், ஆப்பிரிக்க வம்சத்தாரில் இன்னும் கூடுதல். ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பார்த்ததும் இடிந்துபோகாதீர்கள். ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் பனிக்குட நீர்ப் பரிசோதனை என்று அடுத்த படிகள் இருக்கின்றன.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். படிவத்தில் சொந்தத்தில் கல்யாணமா என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. இந்தியில் கேட்டிருக்கிறார்கள், ஒருமாதிரிப் பார்ப்பார்களோ என்று தலையை ஆட்டிவிட்டாள். கூட வந்த மாமியாரிடம், "ஆச்சி, அந்தத் தண்ணியத் தா" என்றாள். அந்தப் பக்கம் ஆச்சி என்றால் பாட்டி. மாமியாரையா ஆச்சி என்பாள்? "இவ உங்களுக்கு என்ன முறை, ஆச்சி?" என்றேன். "என் மக வயித்துப் பேத்திதான். என் சின்னவனுக்கே கட்டிவச்சோம்."

தாய்மாமன் கல்யாணம்! கேட்கக் கேட்க இன்னொன்றும் வந்தது. பெண்ணின் அக்காவும் சொந்தத்தில்தான் கட்டியிருக்கிறாள், அவள் மூத்த பிள்ளைக்குக் காது கேட்காது.

காது கேட்குமா என்று ஸ்கேன் சொல்லாது. தாலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கும் ரத்தம்தான் பார்க்கவேண்டும். ஸ்கேன் பார்ப்பது உருவத்தை. ஆச்சி வாய் திறந்ததால்தான், பிறந்த கையோடு காதைச் சோதிக்க எழுதிக்கொடுத்தேன். ஆகவே சொந்தமென்றால் சொல்லிவிடுங்கள். நான் திட்டமாட்டேன், என் பாட்டி வீட்டிலும் இதுதான் வழக்கம்.

பிரிட்டனில் பிராட்ஃபோர்டு நகரில் 11,000-க்கு மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து, 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. பொதுவாக நூற்றுக்கு 3 ஆக இருந்த பிறவிக் குறை, மாமன், சித்தப்பா பிள்ளைகளைக் கட்டிய பாகிஸ்தானிய வம்சத்தார் குடும்பங்களில் 6 ஆக இருந்தது. இரண்டு மடங்குதான், ஆனால் மீதி 94 பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். இனத்தைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை, சொந்தத்தில் கட்டுவதுதான் காரணம்.

அடுத்தது, வாரம். 18 முதல் 20 வாரத்துக்குள் முழு ஸ்கேன். "ஊருக்குப் போய் எடுத்துக்கறோம்" என்று ரயிலேறி, வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்தில் வருகிறார்கள். 2021 சட்டத் திருத்தப்படி, 24 வாரம் தாண்டினால் கருக்கலைப்பு முடிவு மருத்துவக் குழுவிடம் போய்விடும். கலைப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இதயக் குறை முன்பே தெரிந்தால், குழந்தை இதய அறுவை சிகிச்சை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் வைத்துக்கொள்ளலாம்.

நேரம் காட்டுகிறார்கள். ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள், 1994 சட்டப்படி சொல்லக்கூடாது. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம், கரு தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கவேண்டும். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகிற குழாய் சரியாக மூடத்தான் இந்த மாத்திரை. கரு உண்டான 28 நாளுக்குள் அது மூடிவிடும், நாள் தள்ளிப்போன பிறகு வாங்கினால் பாதி நேரம் போயிருக்கும். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஃபோலிக் ஆசிட் அளவை டாக்டரிடம் கேளுங்கள். வணக்கம்.