ஈ ஆராய்ச்சிக்குக் குதிரை எதற்கு?

மாணவர்களுக்கும், அவர்களைவிட அதிகக் கவலையோடு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

பள்ளியில் படிக்கும்போதே உயிரியல் ஆராய்ச்சியில் இறங்கும் பிள்ளையிடம் வீட்டில் முதலில் சொல்வது என்ன? "அப்போ பாட்டு, பந்து எல்லாத்தையும் மூட்டை கட்டு." எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஆல்ஃபிரட் ஸ்டர்டெவண்ட் என்று ஒருவர். அப்பாவின் குதிரைகளுக்கு வம்சாவளி எழுதுவது சிறுவயதில் அவருடைய பொழுதுபோக்கு. கல்லூரிக்கு வந்து, பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு எப்படி வருகின்றன என்று சொல்லும் மெண்டல் விதிகளைப் படித்ததும், குதிரையின் நிறத்துக்கும் இது பொருந்துமே என்று தோன்றிவிட்டது. அதை எழுதிக்கொண்டு போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரபியல் ஆராய்ச்சியாளர் தாமஸ் ஹண்ட் மார்கனிடம் காட்டினார். மார்கன் தம் பழ ஈ ஆய்வகத்தில் இடம் கொடுத்தார். 1911இல், மார்கனோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பொறி தட்டியது: பெரும்பாலும் சேர்ந்தே வரும் இரண்டு பண்புகள் எவ்வளவு அடிக்கடி பிரிகின்றனவோ, அவற்றின் மரபணுக்கள் அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். அன்றிரவு வீட்டுப்பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். எந்த மரபணு எங்கே இருக்கிறது என்று காட்டும் உலகின் முதல் மரபணு வரைபடம் தயார். வயது 19. வீட்டுப்பாடம் பற்றிச் சொன்னதை மட்டும் மாணவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எல்லாப் பொழுதுபோக்கும் இப்படிக் கைகொடுக்கும் என்று சொல்ல வரவில்லை. மரபியல் ஆராய்ச்சியாளர் பார்பரா மெக்ளின்டாக் கல்லூரி நாட்களில் ஜாஸ் இசைக்குழுவில் பாஞ்சோ என்ற தந்திக் கருவி வாசித்தார். 1983இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த, இடம்விட்டு இடம் மாறும் 'தாவும் மரபணு'வுக்கும் பாஞ்சோவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இல்லாவிட்டால் என்ன? வாசித்தார், அவ்வளவுதான்.

சரி, நேரத்துக்கு எங்கே போவது? இதுதான் நிஜமான சிக்கல். பழ ஈயையே எடுத்துக்கொள்வோம். நாம் தேர்ந்தெடுத்த ஆணையும் பெண்ணையும் இணைசேர்க்கும் கலப்புச் சோதனைக்கு, இன்னும் இணை சேராத பெண் ஈ வேண்டும். 25 டிகிரியில், கூட்டிலிருந்து வெளிவந்த பெண் ஈ சுமார் 8 மணி நேரம் ஆணோடு சேராது. அதனால் காலை எட்டு மணிக்குக் குப்பியில் இருக்கும் ஈக்களை எல்லாம் வெளியேற்றிவிடுங்கள். மாலை நான்குக்குள் திரும்பி வந்து புதிதாக வந்த பெண் ஈக்களைப் பொறுக்குங்கள். பிறந்த சூட்டோடு இருக்கும் ஈ வெளிறிப்போய் இருக்கும். வயிற்றில் ஒரு கரும்புள்ளி தெரியும். ஆண் ஈக்கு வயிற்று நுனி கறுப்பு, முன்னங்காலில் சீப்பு போல ஒரு சின்ன மயிர்வரிசை. புதிதாய் வந்த ஈக்கு நுனி இன்னும் கறுத்திருக்காது என்பதால், அதற்கு முன்னங்காலைத்தான் பார்க்க வேண்டும். படம் வரைந்து பழகிய கண் இதைச் சட்டென்று பிடித்துவிடும்.

அன்றைக்குப் பந்துப் பயிற்சி ஆறு மணிவரை என்றால்? குப்பியை 18 டிகிரியில் வையுங்கள். ஈயின் வளர்ச்சி மந்தமாகி, அந்த 8 மணி நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பயிற்சியை முடித்துவிட்டே வரலாம். ஈக்குத் தக்கபடி நாம் ஓடுவதைவிட, நமக்குத் தக்கபடி ஈயை நடக்கவைக்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

மேடைக்குக் கீழே மேசையில் இரண்டு குப்பிகளும் நுண்ணோக்கியும் வைத்திருக்கிறேன். படம் வரைபவர்கள் முதலில் வாருங்கள். ஆண் எது, பெண் எது என்று பிரித்துக் காட்டுங்கள். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம்.