எண்ணெய்த் தொட்டியில் தொடங்கிய சந்தேகம்

நேயர்களுக்கு வணக்கம். நியூட்ரினோ என்பது எதோடும் எளிதில் மோதாத, மின்னூட்டமில்லாத நுண்துகள். அதில் நான்காவது வகை ஒன்று உண்டா என்பதுதான் இன்றைய பேச்சு. தெரிந்தவை மூன்று வகை: எலெக்ட்ரான், மியூவான், டாவ். ஒரு வகையாகப் புறப்பட்டது போகிற வழியிலேயே இன்னொரு வகையாக மாறிவிடும். இதற்கு நியூட்ரினோ அலைவு என்று பெயர். இதை நிறுவியவர்களுக்கு 2015-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதுவரை சரி.

சிக்கல் அதற்கும் முன்பே, அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் முளைத்துவிட்டது. எல்.எஸ்.என்.டி. என்ற சோதனை, 167 டன் கனிம எண்ணெய் நிரப்பிய தொட்டி. 1993 முதல் 1998 வரை நடந்தது. வெறும் 30 மீட்டருக்குள் மியூவான் வகை எலெக்ட்ரான் வகையாக மாறியதுபோல் சுமார் 88 நிகழ்வுகள் கூடுதலாகத் தெரிந்தன. இவ்வளவு கிட்டத்தில் மாறவேண்டுமானால் நான்காவது வகை ஒன்று வேண்டும். ஆனால் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்த லெப் துகள் முடுக்கியோ, நியூட்ரினோக்களாகவும் சிதையக்கூடிய இசட் துகளின் சிதைவை அளந்து, கணக்கு மூன்றோடு முடிந்தது என்று சொல்லியிருந்தது. ஆகவே நான்காமது ஈர்ப்பைத் தவிர வேறெதற்கும் மசியாத ஆசாமியாக இருக்கவேண்டும். அதுதான் ஸ்டெரைல் நியூட்ரினோ. ‘மலட்டு’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ‘ஒட்டா நியூட்ரினோ’ என்கிறேன்.

சரிபார்க்க அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வுக்கூடத்தில் 800 டன் எண்ணெயுடன் மினிபூன் சோதனை வந்தது. எலெக்ட்ரான் வகை நியூட்ரினோ மோதினால் எலெக்ட்ரான் வெளிப்படும், அதைத்தான் தேடினார்கள். 2018-இல் அதுவும் எலெக்ட்ரான் போன்ற நிகழ்வுகள் கூடுதல் என்றது. ‘போன்ற’ என்பதைக் கவனியுங்கள். எண்ணெய்க்குள் எலெக்ட்ரான் ஓடினாலும் காமா கதிர் வந்தாலும் ஒளிக்குழாய்களில் விழுவது ஒரே மாதிரியான மங்கல் வளையம்தான். திரவ ஆர்கானில் அப்படியில்லை. எலெக்ட்ரானின் தடம் மோதிய இடத்திலேயே தொடங்கும். காமா சற்றுத் தள்ளிப் போய்த்தான் எலெக்ட்ரான்-பாசிட்ரான் இணையாகப் பிரியும், நடுவில் இடைவெளி தெரியும். அதே ஃபெர்மிலாபில் திரவ ஆர்கான் நிரப்பிய மைக்ரோபூன் சோதனை அப்படித்தான் பார்த்தது. 2021-இல் கூடுதல் எலெக்ட்ரான் இல்லை என்றது. அதிகம் சந்தேகப்பட்ட காமா வகையும் இல்லையாம்! அப்புறம் மினிபூன் எதைத்தான் பார்த்தது?

இன்னொன்று. மியூவான் வகை இப்படி மாறினால் அது குறையவும் வேண்டுமே? தென்துருவப் பனிக்குள் இருக்கும் ஐஸ்கியூப் நியூட்ரினோ உணர்கருவியில் அந்த அளவு குறைவு தெரியவில்லை. ஒற்றை ஒட்டா நியூட்ரினோவை வைத்துச் சொல்லும் கதை எனக்கு இங்கேதான் நொண்டுகிறது.

தள்ளிவிடவும் முடியவில்லை. ரஷ்யாவின் பக்சானில் நடந்த பெஸ்ட் சோதனையில் நடுவே எலெக்ட்ரான் வகை நியூட்ரினோக்களை உமிழும் கதிரியக்கக் குரோமியம்-51, அதைச் சுற்றி அவற்றைப் பிடிக்க உள்ளொன்று வெளியொன்றாக இரண்டு காலியம் தொட்டிகள். இரண்டிலுமே எதிர்பார்த்த நியூட்ரினோப் பிடிப்புகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணோம். ஆனால் உள்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தூரத்தோடு மாறாததை அலைவு என்று எப்படி அடித்துச் சொல்வது?

இப்போது ஃபெர்மிலாபில் ஒரே நியூட்ரினோக் கற்றையின் பாதையில், 110 மீட்டரில் எஸ்.பி.என்.டி., 600 மீட்டரில் இகாரஸ் என இரண்டு உணர்கருவிகள் நிற்கின்றன. இரண்டிலும் திரவ ஆர்கான். கிட்டே எண்ணியதையும் எட்ட எண்ணியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறார்கள்.