அலுமினியத்துக்குள் ஓர் எஃகு மரை

நேயர்களுக்கு வணக்கம்.

போல்ட் இறுக்கும்போது கைக்கு மட்டும் தெரியும் ஒரு நொடி உண்டு. ஸ்பானர் இறுகிக்கொண்டே வரும். திடீரென்று பிடிமானம் விட்டு இளகிப்போகும். என்ஜின் வேலை செய்தவர்களுக்கு அந்த இளக்கம் வயிற்றில் புளியைக் கரைக்கும். என்ஜினின் அலுமினிய உடலில், துளைக்குள் வெட்டியிருந்த மரை போய்விட்டது என்று அர்த்தம். போல்டை வெளியே எடுத்தால், அதன் பள்ளங்களில் கம்பிச் சுருள் போல அலுமினியம் ஒட்டிக்கொண்டு வரும்.

இதில் போல்டின் மேல் குற்றமில்லை. எஃகு போல்ட் கடினமானது, அலுமினியம் மென்மையானது. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் தேய்வது அலுமினியம்தான். சூடும் சேர்ந்துகொள்கிறது. ஒரே வெப்பத்துக்கு எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அலுமினியம் விரியும். அதனால் என்ஜின் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் மரையின் மேல் விழும் இழுவிசை கூடிக் குறைகிறது. அதோடு, போல்டின் பாரம் எல்லா மரைகளிலும் சமமாக விழுவதில்லை. முதல் சில மரைகளே பெரும்பகுதியைத் தாங்குகின்றன. போவதும் அவைதான் முதலில்.

இங்கேதான் இன்சர்ட் வருகிறது. பட்டறையில் ஹெலிகாயில் என்று சொல்லுவோம். வைர வடிவக் குறுக்குவெட்டு கொண்ட துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை ஸ்பிரிங் போலச் சுற்றியிருப்பார்கள். பழைய துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால், அதாவது மரை வெட்டும் கருவியால், புது மரை போட்டு, இந்தச் சுருளை உள்ளே திருக வேண்டும். உள்பக்கம் பழைய அளவே கிடைக்கும், அதே போல்ட் போடலாம்.

"இது ஒட்டுப்போட்ட வேலைதானே?" என்று பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒழுங்காகப் போட்ட இன்சர்ட், அலுமினியத்தில் நேராக வெட்டிய மரையைவிட உறுதியானது. அலுமினியத்தில் இப்போது இருப்பது அதிக விட்டமுள்ள மரை, அதனால் பிடிக்கும் பரப்பு கூடுகிறது. சுருள் கொஞ்சம் வளைந்துகொடுப்பதால் பாரமும் பல மரைகளுக்குப் பரவுகிறது. இதைவிட முக்கியம், இனி எத்தனை முறை கழற்றினாலும் எஃகின் மேல்தான் எஃகு உரசும். அலுமினியம் அசைவதே இல்லை. பிஸ்டன் வகை விமான என்ஜின்கள் பலவற்றின் சிலிண்டர் ஹெட்டில், ஸ்பார்க் பிளக் துளைக்குத் தொழிற்சாலையிலேயே இன்சர்ட் போட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

வேலை கெடுவது பெரும்பாலும் துளையிடுவதில். 6 மில்லிமீட்டர் போல்டுக்கு, மரை இடைவெளி 1 மில்லிமீட்டர் என்றால், 6.3 மில்லிமீட்டர் டிரில் வேண்டும். கையில் இருக்கும் 6.5 போதுமே என்று போட்டால் மரை ஆழமாக விழாது. அளவைவிட நேர்தான் பெரிது. தொழில் பழகிய நாட்களில் ஒரு கிராங்க்கேஸில், அதாவது என்ஜினின் அடிக்கூட்டில், கை டிரில்லை அவசரமாக ஓட்டினேன். துளை ஒரு பக்கம் சாய்ந்தது. சுருள் அழகாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் மூடியின் போல்ட் தலை முழுதாகப் படியவில்லை, எண்ணெய் கசிந்தது. துளையை வெல்டிங்கால் அடைத்து மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து சின்ன மூடிக்கும் டிரில் மேசையில்தான் வைக்கிறேன். டேப் போடும்போது மண்ணெண்ணெய் விட்டு, அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே. அப்படித் திருப்பினால் சீவல் உடைந்து விழும்.

சுருளின் மேல்முனை, பரப்புக்குக் கீழே கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை இறங்கியிருக்க வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருந்தால் போல்ட் அதை இழுத்துக் கொண்டு வந்துவிடும்.

சுருளின் அடியில், அதைத் திருகி இறக்குவதற்காக ஒரு சின்ன நாக்கு இருக்கும். அடிப்பக்கம் மூடிய துளை என்றால், போல்ட் அதில் முட்டாத வரை விட்டுவிடலாம். ஸ்பார்க் பிளக் துளையில் அதைக் கட்டாயம் உடைத்து எடுக்க வேண்டும். சின்ன போல்ட் துளையில் தட்டி உடைப்பது போல இங்கே தட்டினால், அது சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனையும் சுவரையும் கீறும். நீள மூக்குக் குறட்டால் பிடித்து, மேலும் கீழும் வளைத்து, கையோடு வெளியே எடுங்கள். டேப்பில் கிரீஸ் தடவினால் சீவல் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அதை மட்டும் நம்பி ஹெட்டைக் கழற்றாமல் வேலை செய்ய நான் துணியமாட்டேன்.

எண்ணெயை வடிக்க அடிக்கடி கழற்றும் டிரெயின் பிளக்குக்குச் சுருளைவிட, குழாய்த்துண்டு போன்ற கெட்டியான புஷ் வகை இன்சர்ட் எனக்குப் பிடிக்கும். சில வகைகளில் அடிமரைகளைக் கருவியே விரித்துப் பூட்டிவிடும். பிளக்கோடு சேர்ந்து இன்சர்ட்டும் வெளியே வரும் தொல்லை இல்லை.

போட்டு முடித்த பிறகு, எஃகு மரை இருக்கிறதே என்று கூடுதலாக இறுக்காதீர்கள். என்ஜின் கையேடு சொல்லும் டார்க், அதாவது இறுக்கும் முறுக்குவிசை, எவ்வளவோ, அவ்வளவுதான். போல்டில் மசகு தடவியிருந்தால் அதிலும் கொஞ்சம் குறைக்க வேண்டும். உராய்வு குறைவதால் அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும். நன்றி, வணக்கம்.