பூட்டிவைத்த தேயிலை

நேயர்களுக்கு வணக்கம். இந்த ஒலிப்பதிவு அறையின் மேசைமேல் நான் கொண்டுவந்து வைத்திருக்கும் இரண்டு பொருள்களையும் உங்களால் பார்க்க இயலாது. ஆகவே முதலில் அவற்றைச் சொல்லால் காட்டிவிடுகிறேன். ஒன்று, இரு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடும் மகோகனி மரப்பெட்டி. 1790ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் செய்யப்பட்டது. அதன் முகப்பில் வெள்ளை எலும்பு பதித்த சாவித்துளை ஒன்று உண்டு. மூடியைத் திறந்தால் உட்புறம் முழுவதும் மங்கிய ஈயத்தகடு தெரியும். மற்றொன்று, ஆள்காட்டி விரலின் நீளமே உள்ள வெள்ளிக் கரண்டி. அதன் வாய் சிப்பியைப்போல் வரிவரியாக விரிந்திருக்கும். கைப்பிடியோ, பெட்டிக்குள் வைத்து மூடினால் மூடியில் இடிக்காத அளவுக்குக் குட்டையானது.

ஆங்கிலத்தில் இவற்றை டீ கேடி என்றும் கேடி ஸ்பூன் என்றும் சொல்வார்கள். நம் பேச்சில் போக்கிரியைக் குறிக்கும் கேடி வேறு. இது மலாய் மொழியில் காத்தி என வழங்கும் நிறையளவிலிருந்து பிறந்த சொல். ஏறத்தாழ 600 கிராம் கொண்ட அந்த அளவில் தேயிலை நிறுக்கப்பட்டதால், நாளடைவில் அளவின் பெயரே அதைக் கொண்ட கலத்தின் பெயராயிற்று. தமிழில் பேசும்போது தேயிலைப் பேழை, பேழைக் கரண்டி என்று சொல்லிப் பழகிவிட்டேன். இங்கும் அப்படியே சொல்கிறேன்.

பேழைகளைச் சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் மரத்தின் நிறத்திலோ வெள்ளியின் வேலைப்பாட்டிலோ மயங்கித்தான் முதற் பொருளை வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் பத்துப் பதினைந்து பேழைகளைத் திறந்து மூடிய பிறகு என் கண் பூட்டின்மேல் போய் நின்றுவிட்டது. ஓர் இலையை ஏன் பூட்டிவைத்தார்கள், எப்போது பூட்டுவதை விட்டார்கள் என்னும் இரு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கியதும், தனித்தனியாகக் கிடந்த பொருள்களெல்லாம் ஒரே வரலாற்றின் அடுத்தடுத்த பக்கங்களாக எனக்குத் தெரியலாயின.

லண்டன் நகரில் 1657ஆம் ஆண்டளவில் தாமஸ் கேரவே தம் காப்பிக் கடையில் தேயிலை விற்றார். கடற்படை அலுவலர் சாமுவேல் பீப்ஸ் 1660 செப்டம்பர் 25ஆம் நாள், தாம் அதற்குமுன் அருந்தியிராத சீனப் பானம் ஒரு கோப்பை வரவழைத்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, தேநீர்ப் பழக்கமுள்ள போர்ச்சுகல் இளவரசி கேத்தரின் இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு மனைவியாக வந்த பிறகு அது அரண்மனைப் பானமாயிற்று. அக்காலத்தில் தேயிலை முழுவதும் சீனாவிலிருந்து, மாதக்கணக்கான கடற்பயணத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தில் வந்தது. விலையோடு அரசின் தீர்வையும் சேர்ந்து ஏறியது. 1784க்குமுன் அந்தத் தீர்வை 119 விழுக்காடு. அதாவது இலையின் விலையைவிட வரியே மிகுதி. இதனால் கள்ளக்கடத்தல் பெருகியது. உலர்த்திச் சாயமேற்றிய வேறு மர இலைகளைத் தேயிலையோடு கலந்து விற்பதும் பெருகியது. இத்தகைய பண்டத்தைச் சமையலறையில் வேலையாட்கள் கையில் விடாமல் குடும்பத் தலைவி தம் வரவேற்பறையிலேயே வைத்துக்கொண்டார். விருந்தினர் கண்முன் பேழையைத் திறந்து, தாமே அளந்து, தாமே ஊற்றிக் கொடுத்தார். சாவி அவரிடம் இருந்தது. அந்தச் சாவியில் பெருமை எவ்வளவு இருந்ததோ அவ்வளவு ஐயமும் இருந்தது என்பதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. வீட்டு வேலை செய்தவர்களை நம்பாததன் சான்றும் இந்த அழகிய பெட்டிதான்.

ஆன் அரசியின் ஆட்சிக்காலமான 1702 முதல் 1714 வரையிலான ஆண்டுகளில் செய்யப்பட்ட வெள்ளிக் கலங்கள் சிறு குப்பிகளைப்போல இருக்கும். நீள்சதுரமாகவோ எண்கோணமாகவோ நின்று, உச்சியில் குவிந்த மூடி ஒன்றைத் தாங்கும். அந்த மூடியைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்தால் அதுவே அளவுக்கிண்ணம். ஆகவே அக்காலப் பேழைகளுக்குத் தனிக் கரண்டி தேவைப்படவில்லை. பிறகு இரண்டு மூன்று கலங்களை ஒரே பூட்டுப்பெட்டிக்குள் அடுக்கினார்கள்: ஒன்றில் ஹைசன் என்னும் பச்சைத் தேயிலை, ஒன்றில் சீனத்தின் வுயி மலைப் பெயரால் போஹீ எனப்பட்ட கறுப்புத் தேயிலை, மூன்றாவதில் சர்க்கரை. பின்னாளைய மரப்பேழைகளின் நடுவில் காணப்படும் கண்ணாடிக் கிண்ணத்தை இலைகளைக் கலக்கும் கிண்ணம் என்று விற்பனையாளர்கள் சொல்வது வழக்கம். முந்தைய அடுக்குகளில் சர்க்கரைக்கு ஒதுக்கியிருந்த மூன்றாம் இடம்தான் பின்னர் இந்தக் கண்ணாடிக் கிண்ணமாயிற்று என்று நான் கருதுகிறேன். இலையோடு விலையுயர்ந்த சர்க்கரையும் பூட்டுக்குள் இருந்தது என்பதே பொருத்தமாகப் படுகிறது.

கீல் வைத்த அகன்ற மூடி வந்ததும் அளக்கும் மூடி போய்விட்டது. அளப்பதற்கு வேறொன்று வேண்டியிருந்தது. 1770களில் பேழைக் கரண்டி தோன்றியதற்குக் காரணம் இதுதான். அதன் முதல் வடிவங்களில் சிப்பி ஒன்று. சீனாவிலிருந்து வந்த தேயிலைப் பெட்டிகளில் வணிகர்கள் மாதிரி அள்ளிப் பார்ப்பதற்காக உண்மையான சிப்பி ஓடுகளை இட்டுவைப்பார்கள் என்பது சேகரிப்போர் வழிவழியாகச் சொல்லும் விளக்கம். வெள்ளிக் கரண்டியின் வரிகளை விரலால் தடவும்போது அந்த விளக்கம் எனக்கு இயல்பாகவே தோன்றுகிறது.

இக்கரண்டிகளின் தாய்வீடு பர்மிங்காம். அவ்வூரின் உற்பத்தியாளர் மேத்யூ போல்டன், தம் வெள்ளிப் பொருள்களைத் தரச்சோதனைக்காகச் செஸ்டர் நகருக்கு அனுப்பும்போது வழியில் அவை சேதமடைவதையும் காலம் வீணாவதையும் எடுத்துரைத்துப் போராடி, 1773ஆம் ஆண்டு பர்மிங்காமுக்கும் ஷெஃபீல்டுக்கும் சொந்தமாகச் சோதனை அலுவலகங்களைப் பெற்றுத் தந்தார். பர்மிங்காமின் முத்திரை நங்கூரம். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் வாய்த்தது. உருளைகளுக்கிடையே மெல்லியதாக இழுத்த வெள்ளித் தகட்டை அச்சில் வைத்து அடிக்கும் தொழில்நுட்பம் அவ்வூரில் ஏற்கெனவே தேர்ந்திருந்ததால், சிறு கரண்டிகள் குறைந்த விலையில் எண்ணற்ற வடிவங்களில் வெளிவந்தன. ஜோசப் டெய்லர், சாமுவேல் பெம்பர்டன், மேத்யூ லின்வுட், ஜோசப் வில்மோர் ஆகிய வெள்ளி வினைஞர்களின் பெயரெழுத்து முத்திரைகளை இன்று சேகரிப்போர் தேடி அலைகிறார்கள். இலை, மண்வாரி, மனிதக் கை, குதிரைப் பந்தய ஜாக்கியின் தொப்பி எனப் பல உருவங்கள் உண்டு. இவற்றில் வில்மோரின் கழுகுச் சிறகுதான் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. சிறகின் இறகுகளே கிண்ணமாக வளைய, கழுகின் தலையும் அலகும் கைப்பிடியாகத் திரும்பும் அந்தச் சிறு வேலையில், பயன்பாடும் உருவமும் ஒன்றையொன்று துறக்காமல் இணைந்திருக்கின்றன.

முத்திரைகளைப் படிக்கக் கற்பதே இத்துறையின் அரிச்சுவடி. நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு தூய வெள்ளி. நங்கூரம் பர்மிங்காம், மணிமுடி 1974 வரை ஷெஃபீல்டு, சிறுத்தைத் தலை லண்டன். ஆண்டுக்கோர் எழுத்து மாறிவரும். இவற்றோடு அரசரின் தலை ஒன்று 1784 டிசம்பர் முதல் 1890 வரை பொறிக்கப்பட்டது. அது வெள்ளிக்கு வரி செலுத்தியதன் அடையாளம். இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். பிரதமர் இளைய வில்லியம் பிட்டின் அரசு 1784இல் தேயிலைத் தீர்வையை 119 விழுக்காட்டிலிருந்து பன்னிரண்டரை விழுக்காட்டுக்கு இறக்கியது. லண்டன் தேயிலை வணிகரான ரிச்சர்ட் டிவைனிங் அதற்கு ஆலோசனை கூறினார். அதே ஆண்டின் இறுதியில் அதே அரசு வெள்ளிக்கு ஓர் அவுன்சுக்கு ஆறு பென்ஸ் வரி விதித்தது. இலை மலிந்தது, அதை அள்ளும் கரண்டிக்கு வரி ஏறியது. இக்கரண்டியில் நகத்தளவு இருக்கும் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தலை அதற்குச் சான்று.

போலிகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் புதிதாகச் சேர்க்க வருபவருக்குத் துரோகம் செய்தவனாவேன். சேர்க்கத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், பழம்பொருள் சந்தை ஒன்றில், இலை வடிவக் கரண்டி ஒன்றை முழு விலை கொடுத்து வாங்கினேன். முத்திரைகள் உண்மையானவை; அதனால் ஐயமே எழவில்லை. அனுபவமுள்ள மூதாட்டி ஒருவரிடம் அதைக் காட்டியபோது, அவர் கரண்டியின் பின்புறத்தில் வாய்திறந்து மெல்ல மூச்சை விட்டார். ஈரம் படிந்து மறையும் அந்தக் கணத்தில் கைப்பிடியின் நடுவே, உலோகத்தை ஒட்டும் பற்று இருக்கவே கூடாத இடத்தில், மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்தது. பற்றுவைத்த இடத்தின் உலோகக் கலவை வேறு என்பதால் மூச்சீரம் அங்கே வேறு விதமாகப் படியும். சாதாரணத் தேக்கரண்டி ஒன்றின் கைப்பிடியை வெட்டி ஒட்டி, வாயை இலையாகத் தட்டி, பேழைக் கரண்டியாக்கியிருந்தார்கள். இப்படி உருமாற்றிய பொருளைப் பழைய முத்திரையோடு அப்படியே விற்பதைப் பிரிட்டனின் 1973ஆம் ஆண்டு ஹால்மார்க் சட்டம் தடுக்கிறது. நான் அதை விற்கவில்லை. புதியவர்களுக்கு அந்தக் கோட்டைக் காட்டுவதற்காகவே வைத்திருக்கிறேன்.

மரத்தில் போலி மிகுந்தவை பழ வடிவப் பேழைகள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆப்பிள், பேரி வடிவங்களில் பழமரத்தையே கடைந்து செய்தார்கள்; இன்றும் கடைந்து பழமையேற்றி விற்கிறார்கள். கடைசல் மரம் இருநூறு ஆண்டுகளில் இழையின் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. எனவே உண்மையான பழம்பேழையின் வயிற்றை இரு திசைகளில் அளந்தால் சிறு வேறுபாடு இருக்கும். அப்பழுக்கில்லாத வட்டமாக இருந்தால் பணப்பையை மூடிவிட வேண்டும். தாளை நூலளவு சுருட்டி ஒட்டி வீட்டுப் பெண்கள் அலங்கரித்த அறுகோணப் பேழைகளும் உண்டு. வெள்ளியைவிட அவற்றை நான் அதிகம் மதிக்கிறேன், ஏனெனில் செய்தவரின் பொறுமை அவற்றில் நேரடியாகத் தெரிகிறது.

நம் கரையோரமும் இக்கதையில் வருகிறது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்கள், தந்தத் தகடு போர்த்து, கீறிய கோடுகளில் கரிய அரக்கை நிரப்பி ஐரோப்பியர்களுக்காகச் செய்த பெட்டிகளில் தேயிலைப் பேழைகளும் இருந்தன. பிரிட்டனில் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டம், குறுகிய விலக்குகள் தவிர, தந்தப் பொருள் விற்பனையைத் தடுத்துவிட்டது. இதனால் சேகரிப்பவர்களுக்கு இழப்பு உண்டு என்றாலும், யானையின் பக்கமே நியாயம் இருக்கிறது. இவற்றை அருங்காட்சியகத்தில் சென்று பார்ப்பதே எனக்குப் போதும். மூன்று கால் என்று பொருள்படும் இந்தித் திபாய், பொருளில் நம் முக்காலியை ஒத்த சொல், ஆங்கிலத்தில் டீபாய் ஆனபோது, முதலெழுத்தின் ஒலியால் மயங்கிய ஆங்கிலேயர் அதைத் தேநீரோடு சேர்த்துவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கால்மேல் நிற்கும் பெரிய தேயிலைப் பேழைக்கே அப்பெயர் வழங்கியது. நம் வீட்டு டீப்பாய்க்கும் அதே பெயர்தான்.

இனிப் பூட்டுக்கு வருகிறேன். 1784க்குப் பிறகும் இரண்டு மூன்று தலைமுறைகள் பூட்டு நீடித்தது. சீன வணிகத்தில் கம்பெனியின் ஏகபோகம் 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிந்தது. 1839 ஜனவரி 10 அன்று அசாம் தேயிலை லண்டனில் முதன்முறையாக ஏலம் போனது. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார்; 1869இல் காணப்பட்ட இலைத்துரு நோய் காப்பியை அழித்ததும் மலைகள் முழுவதும் தேயிலையாயின. தமிழகத்து ஊர்களிலிருந்து கங்காணிகள் அழைத்துச்சென்ற மக்களின் விரல்கள் பறித்த கொழுந்து, 1880களின் இறுதியில் இந்தியக் கொழுந்தோடு சேர்ந்து பிரிட்டன் சந்தையில் சீனத் தேயிலையைப் பின்தள்ளியது. 1890இல் இலங்கைக்கு வந்த தாமஸ் லிப்டன் அதைப் பொட்டலங்களில் எளியவர்களுக்கும் கொண்டுசேர்த்தார். அந்த ஆண்டுகளுக்குப் பிந்திய பேழைகளை நான் பார்த்தவரையில், பூட்டு இருந்தாலும் அது பெயருக்குத்தான் இருக்கிறது. தகர டப்பாக்களிலோ சாவித்துளையே இல்லை. குறைந்த கூலிக்குப் பறிக்கப்பட்ட இலை அந்தப் பூட்டைத் தேவையற்றதாக்கியது.

என் தாயைப் பெற்ற அம்மாயி இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். லயம் என்னும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் அடுப்படியில் பழைய பால்மா டின் ஒன்றில் தேயிலைத் தூள் வைத்திருப்பார். கரண்டி கிடையாது. டின்னின் மூடியைக் கவிழ்த்து, அதில் தூளைத் தட்டி அளந்து, கொதிக்கும் நீரில் போடுவார். ஆன் அரசி காலத்து வெள்ளிக் கலமொன்றின் மூடியை முதன்முறையாகக் கழற்றிக் கவிழ்த்தபோது, என் கைக்கு அந்த அசைவு ஏற்கெனவே தெரிந்திருந்தது.