பொற்கொல்லர் யாரைக் கொன்றார்?

வணக்கம். அதே கோத்தகிரி, அதே மழை. தகரக் கூரை சத்தம் போடும், பொறுத்துக்கொள்ளுங்கள். சொன்னபடி இன்று அவரைக்காய் பற்றிய வீடியோ வரவேண்டும். வராது. கோபத்தில் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கொல்லர் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு சுற்றுலா ஜீப் நின்றது. வழிகாட்டி உலையைக் காட்டி, “கொலைக் கருவி செய்வதால்தான் இவர்களுக்குக் கொல்லர் என்று பெயர்” என்றார். வேலை செய்துகொண்டிருக்கும் மனிதரின் முகத்துக்கு நேரே! வண்டி முழுக்கத் தலையாட்டல் வேறு. அப்படியானால் பொற்கொல்லர் எதைக்கொண்டு கொல்கிறார், மூக்குத்தியாலா? செய்கூலி சொல்லும்போது நம்மைக் கொல்கிறார்தான், அது தனிக்கதை.

வீட்டுக்கு வந்ததும் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியைத் திறந்தேன். உயிரை எடுக்கிற ‘கொல்’ 2132-ஆம் பதிவு. உலைக்களத்துக் ‘கொல்’ 2133. அடுத்தடுத்த வீடு, ஆனால் உறவு கிடையாது. இந்தக் ‘கொல்’ என்றால் இரும்பு வேலை. கன்னடத்தில் உலைக்குக் கொலிமெ, தெலுங்கில் கொலிமி.

அதே பதிவில் நம் நீலகிரி மலையும் இருக்கிறது! இங்கே வாழும் பழங்குடியினரான கோத்தர் மொழியில் ‘கொலேல்’ என்றால் கொல்லுப்பட்டறை. கோத்தர் ஊர்க் கோயிலுக்கும் அதே சொல்தான். இதே மலையின் இன்னொரு பழங்குடியினரான தோடர்கள் ‘க்வலால்’ என்றால் அது கோத்தக் கொல்லரைக் குறிக்கும். தோடருக்கும் படகருக்கும் தலைமுறை தலைமுறையாக இரும்புச் சாமான் அடித்துக் கொடுத்தவர்கள் கோத்தர்கள்தானே. எமனோ 1930-களில் நீலகிரிக்கே வந்து கேட்டு எழுதியவர். பட்டறைக்கும் கோயிலுக்கும் ஒரே பெயர் என்று படித்தபோது இரவு பதினொரு மணி. அதற்குப் பிறகு எங்கே தூக்கம்?

அடடா, பட்டறைக்கு ஏன் போனேன் என்று சொல்லவே இல்லை. செடி கொடிகளை வெட்டிவிடும் என் கவாத்துக் கத்திதான், போன மாதம் கல்லில் பட்டு மழுங்கியதே, அதே கத்தி. கடையில் புதியது 450 ரூபாய். ஐந்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை. பட்டறை அண்ணன் காய்ச்சி அடித்துத் தர 80 ரூபாய்தான் வாங்கினார். எண்பது! விளிம்பை மட்டும் தண்ணீரில் தோய்த்தார், ‘சுர்’ரென்றது. முதுகு சிவப்பாகவே இருந்தது. முழுவதும் தோய்த்தால் கத்தி முறுகி ஒடிந்துவிடுமாம்.

ஜீப் போனதும், “அண்ணா, அவர் சொன்னது சரியா?” என்று கேட்டேன். அவர் நிமிரவே இல்லை.

“பிடி ஆடுகிறது தங்கச்சி. ஆணி கொண்டுவந்தாயா?”