லைவ் சிடியில லினக்ஸ் பாத்தா விண்டோஸ் போயிடுமா?

வணக்கம். இந்தத் தடவை வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, அதையே முதல்ல எடுத்துக்கறேன். காலேஜ்ல படிக்கிற ஒரு பொண்ணு கேட்டிருக்காங்க: “சார், வீட்டுல இருக்கறது அப்பாவோட லேப்டாப் ஒண்ணுதான். அவரோட கணக்கு வழக்கெல்லாம் அதுலதான் இருக்கு. லைவ் சிடி போட்டு லினக்ஸ் பாத்துட்டு வெளிய வந்தா எல்லாம் பழையபடி இருக்குமா? இல்ல ஏதாவது ஆகிடுமா?”

அடுத்தவங்க பொருள்ல கை வைக்கறதுக்கு முன்னாடி கேக்கறாங்க பாருங்க, அதுவே பாதி பாதுகாப்பு.

பழையபடியே இருக்கும்மா. லைவ் சிடின்னா, இன்ஸ்டால் பண்ணாமலே சிடியிலேர்ந்தோ பென் டிரைவ்லேர்ந்தோ நேரா ஓடற லினக்ஸ். இந்த லைவ்ங்கறது தானா எதையும் ஹார்ட் டிஸ்க்ல எழுதாது. நீங்க எழுதச் சொன்னாத்தான் எழுதும். இதை நான் எத்தனையோ வீடியோவுல சொல்லியாச்சு, வழக்கமா பாக்கறவங்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். பரவாயில்ல, இன்னைக்கும் சொல்றேன்.

அது எப்படி எழுதாம வேலை செய்யுதுன்னு கேப்பீங்க. சிடியில இருக்கற சிஸ்டம் சுருக்கி அடைச்ச ஒரே பெரிய ஃபைல். அதைப் படிக்க மட்டும்தான் முடியும். அதுக்கு மேல கணினியோட தற்காலிக நினைவகமான ரேம்ல ஒரு அடுக்கு போட்டுக்கும். நீங்க வால்பேப்பர் மாத்தறது, ஃபைல் உருவாக்கறது, சாஃப்ட்வேர் போடறது எல்லாம் அந்த ரேம் அடுக்குலதான் நடக்கும். கரண்டை நிறுத்தினா ரேம் காலி. நாப்பிக்ஸ்னு ஒரு லைவ் லினக்ஸ் ஞாபகம் இருக்கா? ஜெர்மனிக்காரர் கிளாஸ் நாப்பர் 2000-ல வெளியிட்டது. 700 எம்பி சிடிக்குள்ள கிட்டத்தட்ட 2 ஜிபி சாஃப்ட்வேரைச் சுருக்கி வெச்சிருந்தாங்க. லைவ் சிடிங்கற விஷயம் அதுக்கு முன்னாடியே உண்டு, ஆனா ஊர் உலகத்துக்குத் தெரியவெச்சது நாப்பிக்ஸ்தான்.

நீங்களே சோதிச்சுப் பாக்கலாம். லைவ்ல டெஸ்க்டாப் வந்ததும் உங்க பேர்ல ஒரு ஃபைல் உருவாக்கி, நாலு வரி எழுதி சேவ் பண்ணுங்க. ரீஸ்டார்ட் பண்ணி மறுபடி லைவுக்குள்ள போங்க. அந்த ஃபைல் இருக்காது. இன்னும் சந்தேகமா? ஹார்ட் டிஸ்க்கையே கழட்டிட்டு லைவ் சிடி போட்டாலும் சிஸ்டம் ஓடும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு டிஸ்க் செத்துப்போய், புதுசு வர்ற வரைக்கும் லைவ்லயே மெயில் பாத்து, கடிதம் அடிச்சு, எல்லாத்தையும் பென் டிரைவ்ல சேத்து வெச்சுட்டு இருந்தார். டிஸ்க்கே இல்லாம ஓடற ஒண்ணு, டிஸ்க்ல எழுதித்தான் ஆகணும்னு என்ன இருக்கு?

எழுதாதுன்னு சொன்னேனே தவிர, எழுத முடியாதுன்னு சொல்லல. இந்த வித்தியாசத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. வீட்டுக்கு வந்த விருந்தாளி அலமாரியைத் தொடமாட்டார், ஆனா சாவி அவர் கைக்கெட்டற தூரத்துலதான் இருக்கு. ஃபைல் மேனேஜரைத் திறந்தா இடது பக்கத்துல அப்பாவோட விண்டோஸ் டிரைவ் தெரியும். அதை கிளிக் பண்ணினா மவுன்ட் ஆகும், அதாவது உள்ள போக வழி திறந்துடும். உள்ள போய் ஒரு ஃபைலை அழிச்சா, அது நெஜமாவே அழிஞ்சிடும். அதனால அந்தப் பக்கமே போகாதீங்க.

இன்னொண்ணு, லினக்ஸ்ல மின்ட், உபுண்டுன்னு பல வகை உண்டு. மின்ட்ல டெஸ்க்டாப்லயே ‘இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்’னு ஒரு ஐகான் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்கும். உபுண்டுல இன்ஸ்டாலர் தானாவே திறந்துகூட நிக்கும். அதுல ‘இரேஸ் டிஸ்க்’னு ஒரு தேர்வு வரும். டிஸ்க்கைத் துடைச்சுட்டுப் போடவான்னு கேக்குது. லினக்ஸ் போட்டேன், விண்டோஸ் போச்சுன்னு என்கிட்ட வந்தவங்க கதையெல்லாம் கேட்டுப் பாத்தா, அந்த இடத்துல நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு தட்டினதுதான். லைவ் பண்ணின வேலை இல்ல அது, இன்ஸ்டாலர் பண்ணினது. நீங்க எழுதச் சொன்னீங்க, எழுதிடுச்சு.

விண்டோஸ் 8-லேர்ந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கு. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசா அணையாது, பாதித் தூக்கத்துல இருக்கும். அந்த நிலைமையில வெளியிலேர்ந்து அந்த டிரைவ்ல எழுதினா ஃபைல் சிஸ்டம் குழம்பிடும். பொதுவா லினக்ஸே உஷாராகி, படிக்க மட்டும்தான் விடும். ஆனாலும் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கிட்டே ஷட்டவுன் கொடுங்க, முழுசா அணையும். அப்புறம் பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி வெக்கற விண்டோஸ் வசதி. கணினியோட அடிப்படை செட்டிங் இருக்கற பயாஸுக்குள்ள போய், நம்பகமான சிஸ்டத்தை மட்டும் ஆரம்பிக்க விடற செக்யூர் பூட்டை மாத்தினா, அடுத்த தடவை விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேக்கலாம். அந்த கீ எங்க இருக்குன்னு அப்பாகிட்ட முதல்ல கேட்டு வெச்சுக்கங்க. உபுண்டு, ஃபெடோரா மாதிரி லினக்ஸெல்லாம் செக்யூர் பூட் ஆன்ல இருக்கும்போதே பூட் ஆகும், அதனால அதைத் தொடவே வேண்டாம். எஃப் 12, எஃப் 9, எஸ்கேப், உங்க லேப்டாப்புக்கு எதுவோ அதை அழுத்தி பூட் மெனுவுல பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தா போதும். திரும்பி வந்ததும் விண்டோஸ் கடிகாரம் சில மணி நேரம் தப்பா காட்டினா பதறாதீங்க, ரெண்டும் நேரத்தை வேற வேற மாதிரி கணக்கு வெச்சுக்குது, சரி பண்ணிடலாம்.

ஏற்கெனவே லினக்ஸ் இருக்கற கணினின்னா, சில லைவ் சிஸ்டங்கள் ரேம் பத்தாதப்போ உதவறதுக்காக டிஸ்க்ல ஒதுக்கின ஸ்வாப் பார்ட்டிஷனைத் தானா எடுத்துக்கும். தானா எழுதாதுன்னு நான் சொன்னதுக்கு அது ஒரு விதிவிலக்கு. ஸ்வாப் தற்காலிக இடம்தான், உங்க ஃபைல் எதுவும் போகாது. விண்டோஸ் மட்டும் இருக்கற லேப்டாப்ல அந்தப் பேச்சே இல்ல.

நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும். 2013 தொடக்கத்துல சில சாம்சங் லேப்டாப்கள்ல லினக்ஸை யூஇஎஃப்ஐங்கற புது பயாஸ் முறையில பூட் பண்ணினதுக்கே மதர்போர்டு செத்துப்போச்சு. மூலக் கோளாறு மதர்போர்டுலயே பதிஞ்சிருக்கற சாஃப்ட்வேரான ஃபர்ம்வேர்ல, விண்டோஸ்லேர்ந்தும் அதே கதியை வரவைக்க முடியும்னு பின்னாடி காட்டினாங்க. 2017 டிசம்பர்ல உபுண்டு 17.10-ஐ டவுன்லோடுலேர்ந்தே எடுத்துட்டாங்க, சில லெனோவோ லேப்டாப்கள்ல பயாஸ் செட்டிங் சேவ் ஆகாமப் போனதால. ஜனவரியில திருத்தி வெளியிட்டாங்க. ரொம்ப அபூர்வம், ஆனா நடந்திருக்கு. அடுத்தவங்க லேப்டாப்ல அன்னைக்கு வந்த வெர்ஷனைப் போடாம, நீண்ட நாள் ஆதரவு தர்ற எல்டிஎஸ் வெர்ஷன் எடுங்கன்னு நான் சொல்றது இதனாலதான்.

ஐஎஸ்ஓவை, அதாவது லினக்ஸ் முழுசும் அடங்கின டவுன்லோடு ஃபைலை, எங்கேர்ந்து எடுக்கறீங்கங்கறதும் முக்கியம். 2016 பிப்ரவரி 20-ல லினக்ஸ் மின்ட் வெப்சைட்டையே ஹேக் பண்ணி, பின்வாசல் வெச்ச ஐஎஸ்ஓவுக்கு லிங்க்கைத் திருப்பி விட்டாங்க. இறக்கினதும், ஃபைல் மாறாம வந்திருக்கான்னு காட்டற எஸ்ஹெச்ஏ 256 எண்ணைச் சரிபாருங்க. முடிஞ்சா அதோட டிஜிட்டல் கையெழுத்தையும் சரிபாருங்க, சைட்டே போச்சுன்னா அங்க இருக்கற எண்ணையும் மாத்திட முடியுமே. இப்ப வர்ற ஐஎஸ்ஓவெல்லாம் சிடிக்குள்ள அடங்காது, 8 ஜிபி பென் டிரைவ் எடுத்துக்கங்க. ஐஎஸ்ஓவை எழுதும்போது, பென் டிரைவ்ல ஏற்கெனவே இருக்கறது அத்தனையும் அழியும்.

சரி, நீங்க கேக்காத ஒண்ணை நான் கேட்டுக்கறேன். லைவுக்குள்ள போய் என்ன பாக்கணும்? நிறையப் பேர் டெஸ்க்டாப் அழகா இருக்குன்னு பாத்துட்டு வெளிய வந்துடறாங்க. மனசு கேக்க மாட்டேங்குது. லைவ் இருக்கறதே உங்க ஹார்ட்வேரோட அது ஒத்துப்போகுதான்னு பாக்கத்தான். வைஃபை பிடிக்குதா? பாட்டு ஒண்ணு போடுங்க, ஸ்பீக்கர்லயும் ஹெட்ஃபோன்லயும் வருதா? வெளிச்சம் கூட்டற குறைக்கற கீ வேலை செய்யுதா? கேமரா, பிரிண்டர், தமிழ் தட்டச்சு. கடைசியா மூடியைச் சாத்தி, ரெண்டு நிமிஷம் விட்டுத் திறங்க. தூங்கி எழுந்துக்க மாட்டேங்கற லேப்டாப்கள் இன்னைக்கும் இருக்கு, இன்ஸ்டால் பண்ணினப்புறம் தெரிஞ்சா தலைவலி. மெதுவா இருந்தா மட்டும் அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, பென் டிரைவ்லேர்ந்து படிக்கறதால வர்ற தாமதம் அது.

அப்பாவையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கங்க. கணக்கு ஃபைலை ஒரு காப்பி எடுத்துட்டே ஆரம்பிங்க, லைவுக்காக இல்ல, அது எப்பவோ எடுத்திருக்க வேண்டியது. லேப்டாப் மாடல் என்ன, எது ஓடிச்சு, எது ஓடலன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த வீடியோவுல அதையே எடுத்துப் பேசறேன்.